வானத்தில் இருந்து குதிக்க ஆசையா? பணம் கட்டும் முன்பு இதைப் படிங்க!

கணியம்பாடி:

விமானத்தில் இருந்து குதிக்கும் 'ஸ்கை டைவிங்' மீது வாலிபர்களுக்கு தனி மோகம் உண்டு. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருந்து வேலைக்காகவும், தோல் வியாபாரத்துக்காகவும் வெளிநாடு போகிறவர்கள் துபாயில் குதித்த வீடியோவை செல்போனில் அனுப்பி விடுகிறார்கள். அதைப் பார்த்ததும் இங்கே இருக்கும் காலேஜ் பசங்களுக்கும் 'நாமும் ஒரு தடவை குதிச்சா என்ன?' என்று ஆசை வந்து விடுகிறது.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் முதுகில் மாட்டும் பைக்குள் என்ன இருக்கிறது, அதை யார் மடித்தது, அது விரியாவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் போனால் ஆபத்து தான். ஸ்கை டைவிங் பற்றி பொதுமக்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டிய விவரம் வருமாறு:-

சேலத்தில் நடந்த சோகம்

2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் சேலம் விமான நிலையத்தில் ஸ்கை டைவிங் நடந்தது. பெங்களூருவைச் சேர்ந்த 26 வயது இளம்பெண் ஒருவர் கணவருடன் ஆசையாக வந்திருந்தார். விமானத்தில் இருந்து அவர் குதித்தபோது பாராசூட் சரியாக விரியவில்லை. தரையில் விழுந்த அவர் பரிதாபமாக இறந்தார். போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரணை நடத்தினார்கள். தமிழ்நாட்டையே உலுக்கிய சம்பவம் அது.

புதியவர்களுக்கு மட்டும் தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆக்ராவில் விமானப்படையின் 'ஆகாஷ் கங்கா' அணியைச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவரே பயிற்சியின்போது உயிரிழந்தார். பல வருஷ அனுபவம் உள்ளவர்களையும் இந்த விளையாட்டு விட்டு வைப்பதில்லை.

அப்படியானால் யாரும் குதிக்கவே கூடாதா? அதுவும் இல்லை. அமெரிக்காவில் 2023-ம் ஆண்டில் மட்டும் சுமார் 36 லட்சம் தடவை குதித்து இருக்கிறார்கள். அதில் இறந்தவர்கள் 10 பேர். லட்சம் குதிப்புக்கு ஒரு சாவு கூட இல்லை. ஆகாயம் எல்லா ஊரிலும் ஒன்று தான். அங்கே ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் நடக்கும் செக்கிங் தான் உயிரைக் காப்பாற்றுகிறது. உயரத்தைக் காட்டிலும் அவசரமும் அலட்சியமும் தான் ஆளைக் கொல்லும்.

'ராணுவப்பேட்டை'க்கு புதுசு இல்லை

கணியம்பாடி ஒன்றியத்தில் உள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கிறார்கள். வீட்டுக்கு வீடு ராணுவ வீரர் உள்ள ஊர் அது. பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில் பாராசூட் என்ற வார்த்தை யாருக்கும் புதிது கிடையாது.

இந்திய ராணுவத்தில் முதன்முதலில் பாராசூட் கட்டி குதித்தவரும் ஒரு தமிழர் தான். அவர் பெயர் ஏ.ஜி.ரங்கராஜ். பெயருக்கு முன்னால் உள்ள 'ஏ' என்பது ஆற்காடு. டாக்டருக்குப் படித்த இவர், 1941-ம் ஆண்டு 152-வது பாராசூட் பட்டாலியனில் மருத்துவ அதிகாரியாக இருந்தபோது, அவில்தார் மேஜர் மதுரா சிங்குடன் சேர்ந்து அந்தச் சாதனையைச் செய்தார்.

அதோடு நிற்கவில்லை. கொரியா போர் மூண்டபோது 60-வது பாராசூட் கள மருத்துவமனை பிரிவுக்கு தலைமை தாங்கி அங்கே போனார். 1951-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி அமெரிக்க வீரர்களோடு சேர்ந்து இந்தப் பிரிவைச் சேர்ந்தவர்களும் முன்சான் என்ற இடத்தில் பாராசூட்டில் குதித்து, காயம்பட்டவர்களுக்கு போர்க்களத்திலேயே சிகிச்சை அளித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா விருது கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

பெண்களும் சளைத்தவர்கள் இல்லை. ரேச்சல் தாமஸ் 1979-ம் ஆண்டிலேயே விமானத்தில் இருந்து குதித்தவர். விளையாட்டுக்காக அப்படி குதித்த முதல் இந்தியப் பெண் அவர் தான். 2002-ம் ஆண்டு வடதுருவத்திலும் குதித்தார். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2004-ம் ஆண்டு வடதுருவத்திலும், 2006-ம் ஆண்டு அண்டார்டிகாவிலும் குதித்தார். இருவருமே பத்மஸ்ரீ விருது பெற்றவர்கள்.

எது ஸ்கை டைவிங்?

பலரும் மூன்று விஷயத்தைப் போட்டுக் குழப்பிக் கொள்கிறார்கள். கடற்கரையிலும், மைதானத்திலும் ஜீப்பிலோ படகிலோ கயிறு கட்டி இழுத்து ஆளை மேலே தூக்குகிறார்களே, அது 'பாராசெயிலிங்'. மலை உச்சியில் இருந்து விரித்த பாராசூட்டோடு ஓடி வந்து பறப்பது 'பாராகிளைடிங்'. ஏலகிரியில் முன்பு விழா வைத்து நடத்தியது இதைத் தான்.

ஸ்கை டைவிங் வேறு. இதில் விமானத்தில் இருந்து வெறும் ஆளாக வெளியே குதிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கல் மாதிரி கீழே விழ வேண்டும். அதன்பிறகு தான் பாராசூட்டை விரிக்க வேண்டும்.

3 வகை குதிப்பு

முதல் வகை 'டான்டம்'. புதியவர்களுக்கு இது தான் ஏற்றது. பயிற்சியாளரின் நெஞ்சோடு நம் முதுகை 4 கொக்கி போட்டு மாட்டி விடுவார்கள். பாராசூட் அவர் முதுகில் இருக்கும். விரிப்பது, திருப்புவது, இறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நாம் சொன்னபடி கை, காலை வைத்துக் கொண்டால் போதும். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாலே குதிக்கலாம்.

இரண்டாவது வகை 'ஸ்டேட்டிக் லைன்'. ராணுவத்தில் அதிகம் நடப்பது இது. பாராசூட்டையும் விமானத்தையும் ஒரு பட்டை இணைத்து இருக்கும். ஆள் குதித்ததும் அந்தப் பட்டை இழுத்து பாராசூட்டை தானாகவே விரிக்கும். ஆக்ராவில் உள்ள விமானப்படையின் பாராசூட் பயிற்சி பள்ளியில் 5 தடவை குதித்து முடித்தால் தான் வீரர் சட்டையில் 'விங்ஸ்' குத்திக்கொள்ள முடியும்.

மூன்றாவது வகை 'ஏ.எப்.எப்.' எனப்படும் பயிற்சி. இதில் முதல் குதிப்பிலேயே பாராசூட் நம் முதுகில் தான் இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பயிற்சியாளர்கள் பிடித்துக்கொண்டே கூட வருவார்கள். பாராசூட்டை விரிப்பதும், தரையில் இறங்குவதும் நம் வேலை. வகுப்பு, தேர்வு எல்லாம் உண்டு. அமெரிக்க முறைப்படி முதல் நிலை லைசென்ஸ் வாங்கவே குறைந்தது 25 தடவை குதிக்க வேண்டும்.

மேலே என்ன நடக்கும்?

டான்டம் குதிப்புக்கு விமானம் சுமார் 10 ஆயிரம் அடியில் இருந்து 13 ஆயிரம் அடி வரை மேலே போகும். 10 ஆயிரம் அடி என்றால் சுமார் 3 கிலோ மீட்டர். நம்ம ஏலகிரி மலையை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்தால் வரும் உயரம். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குளிரும். வேலூரில் 40 டிகிரி கொளுத்தும்போது மேலே 20 டிகிரி தான் இருக்கும். காற்று வேறு முகத்தில் அறையும். அதனால் தான் கண்ணாடியும், முழுக்கை உடையும் கொடுக்கிறார்கள்.

குதித்த முதல் 10 வினாடியில் சுமார் ஆயிரம் அடி இறங்கி விடுவோம். அதற்குள் வேகம் மணிக்கு 190 முதல் 200 கிலோ மீட்டரை எட்டி விடும். பெங்களூரு ஹைவேயில் 100-ல் பறக்கும் ஆம்னி பஸ்சைப் போல இரண்டு மடங்கு! அதற்கு மேல் வேகம் கூடாது. காற்று கீழே இருந்து முட்டுக்கொடுக்கும். பிறகு ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்தரை வினாடி தான் ஆகும்.

10 ஆயிரம் அடியில் குதித்து 5 ஆயிரம் அடியில் பாராசூட்டை விரித்தால் நடுவில் கிடைப்பது சுமார் அரை நிமிடம். அதன்பிறகு 5, 6 நிமிடம் நிதானமாக இறங்கலாம். ராட்டினத்தில் வயிற்றைப் புரட்டுவது போல இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. விமானம் ஏற்கனவே வேகமாகப் போய்க்கொண்டு இருப்பதால் அந்த உணர்வு அதிகம் இருக்காது. காற்று மெத்தையில் படுத்த மாதிரி தான் இருக்கும்.

முதுகுப் பைக்குள் என்ன இருக்கிறது?

இது தான் முக்கியம். ஸ்கை டைவிங் பையில் ஒரு பாராசூட் இல்லை, இரண்டு இருக்கும்.

* மெயின் பாராசூட்: வழக்கமாக விரிவது. நைலான் துணியில் அறை அறையாகத் தைத்து இருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் உப்பி, விமான இறக்கை மாதிரி ஆகி விடும். அதனால் தான் இடம், வலம் திருப்ப முடிகிறது.

* ரிசர்வ் பாராசூட்: மெயின் கைவிட்டால் உயிர் காப்பது. பயிற்சி பெற்று லைசென்ஸ் வாங்கிய 'ரிக்கர்' மட்டுமே இதை மடித்து சீல் வைக்க வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒரு தடவை இதைப் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தாக வேண்டும். குதிக்காமல் சும்மா வைத்து இருந்தாலும் இதே சட்டம் தான். மடித்த தேதியும், ரிக்கர் கையெழுத்தும் ஒரு அட்டையில் இருக்கும்.

* ஹார்னஸ்: தோள், நெஞ்சு, தொடையைச் சுற்றி மாட்டும் பட்டைகள். முழு உடம்பின் பாரமும் இதில் தான் தொங்கும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு தையலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. ஒரு இடத்தில் தையல் விட்டுப்போனால் ஷூவையே ஒதுக்கி வைத்து விடுகிறோம். இங்கே ஆளையே சுமக்கும் தையல்! வெயிலில் கிடந்தாலும், அமிலம் பட்டாலும் நைலான் இற்றுப்போகும் என்பதை தோல் தொழிற்சாலைக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

* பைலட் சூட்: கையால் காற்றில் வீசும் குட்டி பாராசூட். இது காற்றைப் பிடித்து இழுத்து, பெரிய பாராசூட்டை வெளியே கொண்டு வரும். டான்டமில் இரண்டு பேர் பாரம் இருப்பதால், வேகத்தை மட்டுப்படுத்த குதித்த சில வினாடியிலேயே 'ட்ரோக்' என்ற சின்ன பாராசூட்டை விட்டு விடுவார்கள்.

* ஸ்லைடர்: கயிறுகளின் நடுவே சதுரமாக இருக்கும் துணி. பாராசூட் 'படார்' என்று விரிந்து ஆளை உலுக்காமல், மெதுவாக விரிய வைக்கும்.

* ஆல்டிமீட்டர்: கையில் வாட்ச் மாதிரி கட்டுவது. எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம் என்று காட்டும். அடிவானத்தைப் பார்த்து உயரத்தைக் கணிப்பது நடக்காத காரியம்.

* ஏ.ஏ.டி.: தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிதாக இருக்கும் குட்டி கம்ப்யூட்டர். ஆள் மயங்கி விட்டாலோ, பதறிப்போய் கைப்பிடியை இழுக்க மறந்து விட்டாலோ இது வேலை செய்யும். குறிப்பிட்ட உயரத்துக்கு கீழே வந்தும் ஆள் அதே வேகத்தில் விழுந்துகொண்டு இருந்தால், ரிசர்வ் பையின் கட்டை தானாக வெட்டி விடும். தனியாகக் குதிக்கும் அனுபவசாலிகளுக்கு சுமார் 750 அடியிலும், டான்டத்துக்கு சுமார் 1,900 அடியிலும் இயங்கும்படி வைத்து இருப்பார்கள். 1991-ம் ஆண்டு ஜெர்மனியில் வந்த 'சைப்ரஸ்' என்ற கருவி இதில் பிரபலம்.

இதோடு ஹெல்மெட், கண்ணாடி, சிக்கிய கயிறை அறுக்க கொக்கி மாதிரி ஒரு கத்தி ஆகியவையும் வேண்டும். ஷூ விஷயத்திலும் கவனம் தேவை. லேஸ் மாட்ட இரும்புக் கொக்கி வைத்த பூட்ஸ் கூடவே கூடாது. பாராசூட் கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ போதும்.

விரியாவிட்டால் என்ன செய்வார்கள்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மெயின் பாராசூட் முறுக்கிக்கொண்டாலோ, பாதி மட்டும் விரிந்தாலோ முதலில் அதைக் கழற்றி விட வேண்டும். வலது பக்க நெஞ்சில் இருக்கும் கைப்பிடி அதற்குத் தான். அதை இழுத்தால் மெயின் பாராசூட் தனியே பறந்து போய் விடும். அடுத்து இடது பக்க கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ் விரியும்.

இரண்டு தோளிலும் உள்ள 'மூன்று வளைய பூட்டு' தான் இதைச் சாத்தியமாக்கியது. பெரிசு, நடுத்தரம், சிறிசு என மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி இருப்பார்கள். ஆளின் மொத்த பாரத்தையும் தாங்கும் இந்தப் பூட்டு, கையால் லேசாக இழுத்தாலே திறந்து விடும். அமெரிக்காவைச் சேர்ந்த பில் பூத் 1970-களில் இதைக் கண்டுபிடித்தார்.

மெயினைக் கழற்றாமல் ரிசர்வை விரித்தால் இரண்டும் பின்னிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதனால் வரிசை முக்கியம். நேரமும் முக்கியம். 2,500 அடியில் பாராசூட் இல்லாமல் விழுகிறவர் தரையைத் தொட 14 வினாடி தான் ஆகும். யோசித்துக்கொண்டு இருக்க முடியாது. அதனால் தான் தரையில் வைத்தே பல தடவை கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு பழக்குகிறார்கள்.

தரைக்கு பக்கத்தில் தான் கண்டம்

பாராசூட் விரிந்து விட்டால் தப்பித்தோம் என்று நினைப்பது தவறு. பாராசூட் நல்லபடியாக விரிந்த பிறகும் இறங்கும்போது நடக்கும் விபத்துகள் நிறைய. தரைக்கு அருகில் வந்து வேகமாகத் திருப்பினால் பாராசூட் சரிந்து, ஆளை தரையில் அடித்து விடும். அனுபவசாலிகளே இதில் சிக்கி இறந்து இருக்கிறார்கள்.

டான்டமில் போகிறவர் இறங்கும்போது இரண்டு காலையும் முன்னால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பயந்து போய் காலை கீழே ஊன்றினால் எலும்பு முறியும். தரையில் இருக்கும்போதே காலைத் தூக்க முடிகிறதா என்று பார்த்து விடுவது நல்லது.

காற்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, தனியாகக் குதிக்கும் மாணவர்கள் மணிக்கு சுமார் 22 கிலோ மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் குதிக்கக்கூடாது. கடும் வெயிலில் காற்று லேசாகி விடுவதால் பாராசூட் வேகமாக இறங்கும். காலை நேரம் தான் பாதுகாப்பு. மின்கம்பி, கிணறு, தென்னந்தோப்பு இல்லாத பரந்த மைதானமாக இருக்க வேண்டும். பாலாற்றங்கரை மாதிரி தோப்பும் வயலுமாக இருக்கும் இடம் இதற்கு லாயக்கு இல்லை.

யார் குதிக்கக்கூடாது?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் குதிக்கக்கூடாது. சளி பிடித்து காது அடைத்து இருந்தாலும் தள்ளிப்போட வேண்டும். இறங்கும் வேகத்தில் காது ஜவ்வு பாதிக்கும். முந்தைய நாள் ராத்திரி குடித்தவர்களும் விமானத்தில் ஏறக்கூடாது. 18 வயது நிரம்பி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. எடைக்கும் வரம்பு உண்டு. உடம்பில் எதாவது நோய் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் கேட்டு விட்டு முடிவு செய்வது உத்தமம்.

பணம் கட்டும் முன்பு கேளுங்க!

இந்தியாவில் விமானத்தில் இருந்து குதிக்க விமான போக்குவரத்து இயக்குனரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) அனுமதி வேண்டும். வேலூரைச் சுற்றி இதற்கென மையம் கிடையாது. ஆகவே வெளியூரில் முகாம் என்று விளம்பரம் பார்த்து பணம் கட்டுகிறவர்கள் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்க வேண்டும்:-

1. இந்த இடத்துக்கும், விமானத்துக்கும் அனுமதி கடிதம் இருக்கிறதா? காட்ட முடியுமா?

2. என்னோடு குதிப்பவரின் லைசென்ஸ் என்ன? எத்தனை தடவை குதித்தவர்? (அமெரிக்க முறையில் டான்டம் பயிற்சியாளர் ஆக 3 வருஷ அனுபவமும், 500 குதிப்பும் குறைந்தபட்ச தகுதி.)

3. ரிசர்வ் பாராசூட்டை கடைசியாக மடித்தது எந்த தேதி? அட்டையைப் பார்க்கலாமா?

4. ஏ.ஏ.டி. கருவி இருக்கிறதா? ஆன் செய்து இருக்கிறதா?

5. டான்டமா, தனியாகவா? தனியாக என்றால் எத்தனை நாள் பயிற்சி?

6. காற்று அதிகமானால் ரத்து செய்வீர்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?

7. ஆம்புலன்ஸ் மைதானத்தில் நிற்குமா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

8. இன்சூரன்ஸ் யாருக்கு, எவ்வளவு?

கையெழுத்து போடச்சொல்லும் பாரத்தை முழுசாகப் படிக்க வேண்டும். தமிழில் விளக்கச் சொல்லி கேட்பதில் வெட்கமே வேண்டாம். 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

பட்டைகளை மூன்று தடவை செக் செய்ய வேண்டும். மாட்டும் முன்பு ஒரு தடவை, விமானத்தில் ஏறும் முன்பு ஒரு தடவை, கதவைத் திறக்கும் முன்பு ஒரு தடவை. தொடைப் பட்டையை மறக்கவே கூடாது. செல்பி எடுக்கும் மும்முரத்தில் இதைக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. பயிற்சியாளர் பார்த்து இருந்தாலும் நாமும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

மேலே போன பிறகு மனசு சரியில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை குதிப்பவருக்கு உண்டு. விமானத்திலேயே கீழே இறங்கி வரலாம். அது கோழைத்தனம் கிடையாது. கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லி, அட்டையை எடுத்துக் காட்டுகிறவர்களிடம் தைரியமாகக் குதிக்கலாம். 'அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்க சும்மா வாங்க' என்று எரிந்து விழுந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை என்று வீட்டுக்கு பஸ் ஏறி விடுவது தான் புத்திசாலித்தனம்.